பள்ளிக்கரணையில் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

வணக்கம் ஐயா,

சென்னையின் கீழ்க்கட்டளைப் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் பணியாற்றுகிறேன். மாணவர்களின் சுற்றுச்சூழல் அமைப்பான பசுமைப் படையின் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. சென்ற சனவரியில் எண்பது பிள்ளைகளைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு அழைத்துப்போனோம். பதினொரு மணி வெயிலில் பறவைகள் தொலைவில் புள்ளிகளாகத்தான் தெரிந்தன. திரும்பி வந்ததும் ‘இயற்கையைக் காப்போம்’ என்ற தலைப்பில் ஓவியப் போட்டி வைத்தோம். எல்லாரும் மலையும் அருவியும் வரைந்தார்கள்; சதுப்புநிலத்தை ஒருவரும் வரையவில்லை. இப்போது குடியிருப்போர் நலச் சங்கத்தாரும் எங்களோடு வந்து அங்கே மரக்கன்று நட வேண்டும் என்கிறார்கள். இத்தகைய பயணங்களால் உண்மையில் பயன் உண்டா?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பயன் உண்டு. ஆனால் அந்த ஓவியங்களுக்காகப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாடமும் வந்தது, பாடமாகிவிட்டதாலேயே அது ஐந்து மதிப்பெண் விடையாகவும் சுருங்கியது. அந்த விடையில் இயற்கை என்பது எங்கோ தொலைவில், மனிதர் இல்லாத இடத்தில் இருக்கிறது. பள்ளிக்கரணையோ ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடும், சுற்றிலும் அடுக்குமாடிகளும், நடுவே துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையும் சூழக் கிடக்கும் கழுவெளி, அதாவது நீர் தேங்கும் சதுப்பு வெளி. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது அதன் பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். முன்பு இதைப் போலப் பல மடங்கு பரந்திருந்தது. குப்பைமேட்டைப் பிள்ளைகளின் கண்ணில் படாமல் மறைத்து அழைத்துச் செல்லும் வழக்கம் சிலருக்கு உண்டு. நான் அதையும் நின்று பார்க்கச் சொல்வேன்.

உங்கள் பள்ளி இருக்கும் இடமே உங்களுக்கு வாய்ப்பு. பாடத்தைப் பள்ளிக் கூரைமேல் விழும் மழையிலிருந்து தொடங்குங்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஐப்பசி மழைக்குப் பிறகு பிள்ளைகளையே தெருத்தெருவாகப் போய்ப் பார்த்து வரைபடம் போடச் சொல்லுங்கள். கீழ்க்கட்டளை ஏரி நிறைந்தால் உபரிநீர் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைக்கும் போகிறது. பின்னர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கல் எங்கே இருக்கிறது, கால்வாய் எந்த இடத்தில் குறுகுகிறது, எங்கே குப்பை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதை நேரில் பார்த்த பிள்ளை, 2015 திசம்பரில் வேளச்சேரி ஏன் மூழ்கியது என்று தானாகவே கேட்கும். அந்தக் கேள்வி எழுந்த பிறகு சதுப்புநிலத்துக்கு அழைத்துப்போங்கள்.

அங்கே போனதும் பறவைகளின் பெயர்ப்பட்டியலை ஒப்பிக்க வைக்காதீர்கள். நான்கு பறவைகள் போதும். பவளக்கால் உள்ளானின் சிவந்த கால் எதுவரை தண்ணீரில் முழுகியிருக்கிறது என்று பார்த்தாலே அந்த இடத்தின் ஆழம் தெரிந்துவிடும். முக்குளிப்பான் மூழ்கி வேறோர் இடத்தில் தலைகாட்டினால் அங்கே ஆழம் கூடுதல். நீளவால் இலைக்கோழி நீண்ட விரல்களை விரித்து மிதக்கும் இலைகளின்மேல் நடக்கும். அதன் முட்டைகளை அடைகாப்பது ஆண் என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு அரை மணி நேரம் ஓயாது. நீலத் தாழைக்கோழி சம்பு என்னும் நீர்ப்புல்லின் தண்டை ஒற்றைக் காலால் பிடித்துக்கொண்டு உரித்துத் தின்பதைப் பார்க்கத் தொலைநோக்கியும் அநேகமாகத் தேவைப்படாது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, மாசியில் நீர் வற்றிச் சேறு தெரியத் தொடங்கியதும் ஒருமுறை என அதே இடத்துக்கு அதே பிள்ளைகளை அழைத்துச் சென்றால், நீர்மட்டம் இறங்க இறங்க எந்தப் பறவை விலகுகிறது, எது வந்து சேர்கிறது என்று அவர்களே எழுதிவிடுவார்கள்.

எண்பது பேர் வேண்டாம். ஒரு முறைக்கு இருபது பேருக்கு மேல் போனால் சத்தத்தை அடக்குவதிலேயே உங்கள் நேரம் போய்விடும். சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். பெற்றோரின் சம்மதமும் வண்டி ஏற்பாடும் எளிதல்ல என்பது தெரியும். இருந்தாலும் பதினொரு மணிக்குப் போவதைவிடப் போகாமல் இருப்பதே மேல்.

சங்கத்தாரின் மரக்கன்று யோசனையை மட்டும் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். கழுவெளிக்கு வேண்டியது திறந்த நீரும் சேறும் கோரையும்தான். அங்கே மரங்களை அடர்த்தியாக நட்டால் நீர்ப்பறவைகள் இரைதேடும் வெளி குறையும். அதன் பெரும்பகுதி காப்புக்காடு ஆதலால், ஆகாயத்தாமரையை அகற்றுவதானாலும் வனத்துறையின் அனுமதி வேண்டும். நட்டே ஆக வேண்டுமென்றால் அவர்கள் தெருவில் நடட்டும். மற்றபடி அவர்கள் பிள்ளைகளோடு வருவது நல்லதுதான். சதுப்புநிலம் பற்றிய பாடம் பிள்ளைகளைவிட, அதன் நீர்வழியில் வீடு வாங்கியிருக்கும் பெரியவர்களுக்குத்தான் உடனடியாகத் தேவை. பிள்ளைகள் போட்ட வரைபடத்தைச் சங்கக் கூட்டத்தில் விரித்து வைத்து, அவரவர் வீட்டைக் குறிக்கச் சொல்லுங்கள். தங்கள் வளாகத்தின் மழைநீர் வடிகால் எந்தக் கால்வாயில் சேர்கிறது, அதில் கழிவுநீரும் கலக்கிறதா என்று கண்டுபிடிக்கும் வேலையை அவர்களிடம் கொடுத்துவிடலாம்; கலக்கிறதென்றால், மாநகராட்சிக்கு மனு எழுதிப் பின்தொடரும் வேலையும் அவர்களுடையதுதான்.