லெட்யூஸ் வாங்குகிறீர்களா? எடையைப் பாருங்கள்

கே: பெட்டியில் அடைத்த லெட்யூஸ் (சாலட்டில் போடும் கீரை), 200 கிராம் என்று போட்டிருந்தது. வீட்டில் நிறுத்தால் இலை 150 கிராம்தான். கேட்டால், "பெட்டியோடு சேர்த்துத்தான் 200" என்கிறார்கள். (மதுரை வாசகர்)

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, நிகர எடை என்றால் உள்ளே இருக்கும் பொருளின் எடை மட்டும்தான். பெட்டியும் அடியில் விரித்த தாளும் அதில் சேராது. இலை வாடினால் சில கிராம் குறையும்; 50 கிராம் குறையாது. விலை உயர்ந்த கீரையில் அது சின்னத் தொகை இல்லை. பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள், தராசில் வைத்துப் படம் எடுங்கள். தமிழ்நாட்டில் எடையளவைக் கவனிப்பது தொழிலாளர் துறை. தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள்.

இன்னொன்று, பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். நான் வாங்கிய ஒன்றில் மேலே பளிச்சென்ற பச்சை. அடியில் இருந்த இலைகள் கறுத்துக் கொழகொழத்துக் கிடந்தன. பெரிய ஸ்டிக்கரை ஒட்டி அதை மறைத்திருந்தார்கள்.

கே: முட்டைக்கோஸ் என்று நினைத்து ஐஸ்பெர்க் லெட்யூஸ் வாங்கிப் பொரியல் செய்தேன். தண்ணீராகிவிட்டது. கடைக்காரர் பணம் தர மறுக்கிறார். (கோவை வாசகர்)

ப: அவர் ஏன் தர வேண்டும்? அதில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கே: காம்பை நறுக்கினால் பால் வடிகிறது. மருந்து அடித்ததா? (நெல்லை வாசகர்)

ப: இல்லை. அந்தச் செடியின் பாலே அதுதான். சாப்பிடலாம்.

கே: ஆன்லைனில் வாங்கிய விதை மே மாதத்தில் ஒன்றுகூட முளைக்கவில்லை. விற்றவர் பதிலே சொல்வதில்லை. (சென்னை, மாடித்தோட்டக்காரர்)

ப: லெட்யூஸ் குளிர்ச்சியை விரும்பும் செடி. 30 டிகிரிக்கு மேல் போனால் பல ரக விதைகள் முளைக்காமல் உறங்கிவிடும். ஆழமாகப் புதைத்தாலும் முளைக்காது, வெளிச்சம் வேண்டும். மிச்ச விதையை ஈரத் தாளில் வைத்து இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள். அப்புறம் ஏசி அறையில் வெளிச்சம் படும்படி வைத்துப் பாருங்கள். அப்படியும் முளைக்காவிட்டால் விதையில்தான் கோளாறு. பாக்கெட்டில் முளைப்புத்திறன் சதவீதமும் பரிசோதித்த தேதியும் இருக்கிறதா என்று பார்த்து, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக (ஆன்லைன் விற்பனை) விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததாக அவர் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும்.