கொட்டகையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்: வாசகர் கேள்வி–பதில்

கே: பழைய கார் ஒன்றின் மேல் ஃபெராரி வடிவ ஃபைபர் கூட்டைப் பொருத்தினால் குறைந்த செலவில் வேலை முடியுமா?

ப: பொருத்திவிடலாம், குறைந்த செலவில் முடியாது. இந்த வகை நகலில் எல்லோரும் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரம். பான்டியாக் ஃபியரோ என்ற கார் இந்த வேலைக்கே பேர்போனது. எஞ்சின் நடுவில் இருக்கும். வெளிப்பலகைகள் பிளாஸ்டிக், எஃகுச் சட்டத்தின் மேல் போல்ட் போட்டு மாட்டியவை என்பதால் கழற்றிவிட்டு வேறு தோல் போர்த்தலாம். அதற்கே வீல்பேஸ் 2,373 மி.மீ.; ஃபெராரி எஃப்355-க்கு 2,450. அந்த 77 மி.மீ.க்காகச் சட்டத்தை வெட்டி நீட்ட வேண்டும், அல்லது கூட்டைக் குறுக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் விட்டால் சக்கரம் வளைவின் நடுவில் உட்காராது. தள்ளி நின்று பார்ப்பவருக்கே ஏதோ இடிப்பது தெரியும். வளைந்த முன்கண்ணாடி, கதவுக் கீல், விளக்குகள் ஆகியவற்றின் செலவு இதற்குப் பிறகுதான் தொடங்கும்.

செலவைக் குறைக்க வேண்டுமானால் லோட்டஸ் செவனைப் பார்த்துச் செய்யுங்கள். 1957-இல் வந்த கார். 1973 முதல் அதன் உரிமை கேட்டர்ஹாமிடம் இருக்கிறது. வீட்டில் செய்யும் அதன் நகல்களுக்கு லோகாஸ்ட் என்று பெயர். உடலில் பெரும்பகுதி மடித்த அலுமினியத் தகடு. மூக்கும் மட்கார்டுகளும் மட்டுமே வளைவு. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு எல்லாவற்றையும் பின்சக்கர ஓட்டமுள்ள ஒரே பழைய காரிலிருந்து கழற்றலாம்; முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 நல்ல தேர்வு. அதன் 1.6 லிட்டர் எஞ்சின் தருவது சுமார் 115 குதிரைத்திறன்தான். ஆனால் முடிந்த வண்டி 550 கிலோவில் நின்றால் டன்னுக்கு ஏறத்தாழ 210 ஆகிவிடுகிறது. பெரிய எஞ்சின் தேடி அலைய வேண்டியதே இல்லை.

கே: சேஸிஸுக்கு, அதாவது வண்டியின் அடிப்படைச் சட்டத்துக்கு, 25 மி.மீ. சதுரக் குழாய் வாங்கினேன், சுவர் 2 மி.மீ. வெல்டிங் முடித்து மேஜையிலிருந்து எடுத்தால் ஒரு மூலை 6 மி.மீ. தூக்கி நிற்கிறது. குழாய் மெலிதா?

ப: குழாய்மேல் பழி போடாதீர்கள். 1.6 மி.மீ. சுவரே போதும். 2 மி.மீ. என்றால் மீட்டருக்குக் கால் கிலோ கூடுகிறது. 50 மீட்டர் போனால் 12 கிலோ சும்மா ஏறும். சட்டத்துக்கு விறைப்பைத் தருவது மூலைவிட்டக் குழாய்கள். அவை இல்லாத நாற்கரம், எவ்வளவு தடியாக இருந்தாலும், ஆணி தளர்ந்த கதவுச் சட்டம்போல ஆடும்.

மூலை தூக்கியதற்குக் காரணம் வெல்டு போட்ட வரிசை. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். ஒரு மூலையை முழுதாக முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போயிருப்பீர்கள். இழுப்பெல்லாம் ஒரே திசையில் சேர்ந்துவிட்டது. குழாய் முனைகளுக்கிடையில் 1 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் இழுப்பு இன்னும் கூடும். சந்து தெரிந்தால் வெல்டால் அடைக்காமல் குழாயையே மறுபடி வெட்டுங்கள்.

முறை இதுதான். 2.4 × 1.2 மீட்டரில், 18 மி.மீ. பிளைவுட் போட்ட மேஜையை ரசமட்டம் வைத்துச் சமன் செய்யுங்கள். அதன்மேல் முழு அளவில் வரைபடத்தையும் நடுக்கோட்டையும் வரைந்து, ஒவ்வொரு குழாயின் இருபுறமும் மரக்கட்டையைத் திருகி இறுக்குங்கள். அடிச் சட்டம், நிற்கும் குழாய்கள், மேல் சட்டம், மூலைவிட்டங்கள் அத்தனையும் முதலில் புள்ளி வெல்டில், அதாவது சிறு பொட்டு வெல்டுகளில், நிற்கட்டும். சட்டத்தின் எதிரெதிர் மூலைகளுக்கிடையே உள்ள இரண்டு குறுக்குத் தூரங்களையும் டேப் பிடித்து அளந்தால் வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பிறகே முழு வெல்டு. இங்கே ஒரு விரல் நீளம் போட்டதும் எதிர்க்கோடி மூலைக்குப் போங்கள். சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகளைச் சட்டம் முழுக்க ஆறிய பின், நடுக்கோட்டிலிருந்து அளந்து வையுங்கள். முதலிலேயே வைத்தால் சட்டத்தோடு அவையும் நகர்ந்திருக்கும்.

உங்கள் சட்டத்தைக் காப்பாற்றலாம். தூக்கிய பக்கத்து மூலைவிட்டங்களின் வெல்டை ஒரு முனையில் அறுத்து, மூலையைக் கிளாம்பால் சமத்துக்குச் சற்றுக் கீழே இறக்கிப் பிடித்து மறுபடி வெல்டு போடுங்கள். சூடேற்றிச் சம்மட்டியால் அடிக்க வேண்டாம், மெல்லிய குழாய் நசுங்கும். அழகுக்காக வெல்டைக் கிரைண்டரில் மழிக்கவும் கூடாது. துத்தநாகம் பூசிய குழாயைத் தொடவே வேண்டாம்: அதன் புகை காய்ச்சலைத் தரும், வெல்டும் ஓட்டை ஓட்டையாக வரும்.

கே: மூக்குப் பகுதிக்கு அச்சு செய்து ஜெல்கோட் (ஃபைபரின் வெளித்தோலாகும் நிறப் பூச்சு) அடித்தேன். மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினும் (இறுகும் பிசின்) போட்ட பிறகு வெளிப்பரப்பு முதலைத் தோல்போலச் சுருங்கிவிட்டது. ஏன்?

ப: சரியாக இறுகாத ஜெல்கோட்டின்மேல் ரெசின் பட்டிருக்கிறது. ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவம் ஜெல்கோட்டுக்குள் இறங்கி அதை ஊத வைக்கும். ஊதியது போக இடமின்றிச் சுருங்கி மடியும். ஜெல்கோட் மெலிதாக இருந்திருக்கும், அல்லது ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) குறைவு, அல்லது குளிரில் அவசரப்பட்டிருப்பீர்கள். தடிமன் அரை மி.மீ. வேண்டும், அதாவது சதுர மீட்டருக்கு 600 கிராம். இரண்டு பூச்சாக அடியுங்கள். விரலால் தொட்டுப் பாருங்கள்: பிசுபிசுக்க வேண்டும், ஆனால் நிறம் விரலில் ஒட்டக் கூடாது. அப்போதுதான் மேட் வைக்கலாம்.

அளவையும் முன்கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். மூக்கு 1.2 சதுர மீட்டர், 450 கிராம் மேட் இரண்டு அடுக்கு என்றால் மேட் 1.08 கிலோ. ரெசின் அதைப்போல இரண்டேகால் மடங்கு, சுமார் இரண்டரை கிலோ. ஹார்டனர் 2 சதவீதம், 50 கிராம். மொத்தத்தையும் ஒரே வாளியில் கலந்தால் பாதி வேலையில் வாளி புகையும். 500 கிராம் ரெசினுக்கு 10 கிராம் என்று ஐந்து தடவையாகக் கலக்குங்கள். பளபளவென்று ரெசின் மிதப்பது நல்ல வேலைக்கு அடையாளமில்லை; கூடுதல் ரெசின் எடையைக் கூட்டும், விரிசலையும் தரும். உருளையால் காற்றை வெளியேற்றியதும் மேட்டின் இழை தெரிய வேண்டும்.

கூரான உள்மூலைக்குள் மேட் மடியாது, பின்னால் காற்றுக்குமிழி நிற்கும். வண்டி ஓடத் தொடங்கியதும் ஜெல்கோட் அங்கேதான் உதிரும். மூலையைக் குறைந்தது 6 மி.மீ. ஆரத்துக்கு உருட்டுங்கள். புது அச்சுக்கு மெழுகு ஐந்தாறு பூச்சும் அதன்மேல் ஃபைபர் அச்சில் ஒட்டாமல் தடுக்கும் பிவிஏ படலமும் வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று. ஹார்டனரையும், இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் முடுக்கியையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். முடுக்கி ஏற்கெனவே கலந்த ரெசினை வாங்கிவிட்டால் இந்த ஆபத்தே இல்லை. ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

கே: புது ஸ்பிரிங் வாங்க வேண்டும். கணக்கு எப்படி?

ப: ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 110 கிலோ, வண்டி ஸ்பிரிங்கில் மேலும் கீழும் ஆடும் அதிர்வெண் நொடிக்கு 1.8 என்று வைப்போம். 2 × 3.14 × 1.8-ஐ வர்க்கம் செய்து 110-ஆல் பெருக்கினால் மீட்டருக்கு ஏறத்தாழ 14,000 நியூட்டன், அதாவது சக்கரத்தில் மி.மீ.க்கு 14 நியூட்டன். ஸ்பிரிங் சக்கரத்தைவிடக் குறைவாக நகரும். சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 7 மி.மீ. அமுங்கினால் விகிதம் 0.7. இதை வர்க்கம் செய்து வகுக்க வேண்டும்: 14-ஐ 0.49-ஆல் வகுத்தால் 28 முதல் 29. வர்க்கத்தை மறந்து 0.7-ஆல் மட்டும் வகுத்து 20-இல் வாங்குபவர்கள் நிறையப் பேர். வண்டி தொட்டில்போல ஆடும். ஓட்டுநரை உட்கார வைத்து எடை போடுங்கள். இவ்வளவு இலேசான வண்டியில் அவரும் ஒரு பாகம்தான்.

கே: எம்எக்ஸ்-5 பாகங்களைப் பொருத்தினேன். கிளட்சை விட்டால் பின்னால் 'டங்' என்று அடிக்கிறது.

ப: கியர்பாக்ஸின் வாலையும் டிஃபரன்ஷியலின் (சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பெட்டி) மூக்கையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டத்தைச் சேஸிஸ் குழாய் இடிக்கிறதே என்று கழற்றியிருப்பீர்கள். இப்போது டிஃபரன்ஷியலின் மூக்கு அந்தரத்தில் நின்று மேலும் கீழும் ஆடுகிறது. மூக்குக்கு ஒரு பிராக்கெட்டும் கியர்பாக்ஸ் வாலுக்கு ரப்பர் மவுண்ட்டும் கொடுங்கள், சத்தம் அடங்கும்.

கே: பிரேக் சர்வோவை (மிதிக்கு வலுச் சேர்க்கும் கருவி) எடுத்துவிட்டேன். மிதித்தால் பின்சக்கரம் முதலில் நிற்கிறது, பெடலும் கல்லாக இருக்கிறது.

ப: இவை தனித்தனிக் கோளாறுகள். சர்வோ முன், பின் இரண்டுக்கும் சேர்த்தே அழுத்தத்தைக் கூட்டும். பின்சக்கரம் முந்துவதற்கு அது காரணமாகாது. புதிதாகக் குழாய் இழுத்தபோது பின்பிரேக்கின் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் பழைய காரின் அழுத்தப் பகிர்வு வால்வை விட்டிருப்பீர்கள். பின் லைனில் திருகிச் சரிசெய்யும் வால்வு ஒன்றை வையுங்கள். ஆளில்லாத ஈரத்தரையில் 40 கி.மீ. வேகத்தில் மிதித்துப் பார்த்து, முன்சக்கரம் சற்று முந்தி நிற்கும்வரை திருகுங்கள். பெடல் கல்லானது சர்வோ போனதால்; அதற்கு, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைச் (பிரேக் திரவத்துக்கு அழுத்தம் தரும் உருளை) சிறிதாக்குங்கள். 22 மி.மீ. துளைக்குப் பதில் 19 போட்டால் அதே மிதிக்கு அழுத்தம் 34 சதவீதம் கூடும். பெடல் இறங்கும் தூரமும் அதே அளவு கூடும், கால் தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: ரோல் பாருக்கு (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் குழாய் வளைவு) தண்ணீர்க் குழாய் ஆகுமா?

ப: ஆகாது. குளிர்நிலையில் இழுத்த, தையலற்ற எஃகுக் குழாய், 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. சுவர். அதன் காலை 1.6 மி.மீ. குழாயில் நேராக ஒட்டாமல் இடையில் 3 மி.மீ. தகடு கொடுங்கள்.

கே: முடித்ததும் அசல் கம்பெனியின் முத்திரையை ஒட்டலாமா?

ப: வேண்டாம், வணிகச் சின்ன வழக்கு வரலாம். அதைவிடப் பெரிய சிக்கல் பதிவு. உங்கள் ஊர்ச் சட்டம் வீட்டில் செய்த வண்டியைச் சாலையில் விடுமா, எந்தச் சோதனை கேட்கும் என்பதைக் குழாய் வெட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரசீதுகளையும், தகடு மூடும் முன் எடுத்த வெல்டு படங்களையும் பத்திரமாக வையுங்கள்.

கே: சேஸிஸுக்கு எப்போது பெயின்ட் அடிப்பது?

ப: கடைசியில். பெயின்ட் இல்லாமலே முழுதும் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ரேடியேட்டர் குழாய்க்கோ ஆக்சிலரேட்டர் கேபிளுக்கோ ஒரு பிராக்கெட் விட்டுப்போயிருக்கும். அதை வெல்டு போட்டுவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி கழற்றி, பிறகு பிரஷ்ஷை எடுங்கள்.