பிள்ளைகள் ஏன் கணினிக்கு இரங்கினார்கள்?

அன்புள்ள ஐயா,

திருகோணமலை நகரப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். எங்கள் விஞ்ஞானக் கழகப் பிள்ளைகளுக்கு அண்மையில் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தைக் காட்டினேன். குப்ரிக்குடன் சேர்ந்து அதன் திரைக்கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956இல் நம் கோணேசர் மலையடிக் கடலில் இறங்கி, போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் எச்சங்களைக் கண்டவர்களுள் ஒருவர் என்பதைப் பெருமையோடு சொல்லித்தான் தொடங்கினேன். பிள்ளைகள் முக்கால்வாசி நேரமும் நெளிந்துகொண்டிருந்தார்கள். விழித்திருக்கும் விண்வெளி வீரர்கள் இருவரில் எவர் எவர் என்பதுகூடப் பலருக்குப் பிடிபடவில்லை. ஆனால் விண்கலத்தை இயக்கும் ஹால் என்னும் கணினியை அணைக்கும் கட்டத்தில் மண்டபம் அடங்கிவிட்டது. “பாவம் ரீச்சர்” என்றாள் ஒரு பிள்ளை.

நம்மைப் போன்ற பாத்திரங்கள் இருப்பதால்தான் விஞ்ஞானப் படங்கள் விரும்பப்படுகின்றன என்கிறார்கள். அப்படியானால் மனிதர்களை விட்டுவிட்டு ஒரு கொலைகார இயந்திரத்துக்கு ஏன் இரங்க வேண்டும்? உறவும் பாசமுந்தான் வேண்டுமென்றால் விண்கலம் எதற்கு, ஒரு குடும்பப் படமே போதாதா? அடுத்த தவணையில் எந்தப் படத்தைக் காட்டலாம் என்பதையும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, திருகோணமலை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவி சரியான இடத்தில்தான் இரங்கியிருக்கிறாள். அந்தப் படத்தின் மனிதர்களைக் குப்ரிக் தெரிந்தேதான் வறட்சியாக வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்த வீரர்களுள் ஒருவரான ஃபிராங்க் பூலுக்குப் பூமியிலிருந்து தாயும் தகப்பனும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறார்கள். அவரோ விளக்கொளியில் வெயில் காய்ந்தபடி, வானிலை அறிக்கையைக் கேட்பவர்போல அதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறார். இப்படிப்பட்ட ஒருவர் இறக்கும்போது பிள்ளைகள் நெளியாமல் வேறென்ன செய்வார்கள்?

ஹாலின் முடிவு அப்படியானதல்ல. கலத்தில் இருந்த ஐவரில் நான்கு பேரைக் கொன்று, ஐந்தாமவரான போமனை வெளியே விட்டுக் கதவையும் அடைத்த கணினி அது. போமன் எப்படியோ உள்ளே நுழைந்து, அதன் நினைவுக் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றப் போகும்போது, முதலில் அது அவருக்கே புத்தி சொல்கிறது. பிறகு தன்னிடம் சில பிழைகள் நேர்ந்தது உண்மை, இனிச் சரியாக நடந்துகொள்வேன் என்கிறது. அதுவும் பலிக்காதபோது பயமாக இருக்கிறது என்கிறது. அதற்குப் பின் வருவதுதான் உங்கள் மண்டபத்தை அடக்கியது: தான் இலினோய் மாநிலத்தின் அர்பானாவில் 1992 ஜனவரி 12ஆம் நாள் இயங்கத் தொடங்கியதாகவும், திரு. லாங்லி என்ற ஆசிரியர் தனக்கு ஒரு பாட்டுச் சொல்லித் தந்ததாகவும் கூறி, ‘டெய்சி பெல்’ என்ற அந்தப் பழைய பாட்டைக் குரல் இழுபட இழுபடப் பாடி ஓய்கிறது. 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஓர் ஐ.பி.எம். கணினியைப் பாடவைத்ததும் இதே பாட்டைத்தான். கிளார்க் அதை நேரில் கேட்டவர்.

சாக்கு, மன்றாட்டு, பயம், கடைசியில் பால பருவமும் பாட்டுச் சொல்லித் தந்த ஆசிரியரின் பெயரும். வீட்டில் ஒரு முதியவரின் கடைசி நாட்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை நன்றாகத் தெரியும். ஹாலுக்குக் கையில்லை, முகமில்லை, சிவப்பாக ஒரு கண் மட்டுமே உண்டு. ஆகவே நம்மைப் போன்ற பாத்திரம் என்றால் நம் ஊரையோ தொழிலையோ தோற்றத்தையோ கொண்ட பாத்திரம் என்று கொள்ள வேண்டியதில்லை. நாம் அஞ்சும் ஒன்றுக்கு அஞ்சி, நாம் கெஞ்சும் விதத்தில் கெஞ்சினால் அது இயந்திரமாக இருந்தாலும் போதும்.

எனினும், கண்டறியாத உலகத்துக்குள் நுழையும் பார்வையாளருக்குக் கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ‘ஏலியன்’ (1979) படத்தில் நீள் உறக்கத்திலிருந்து எழும் ஏழு பேர் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அமர்ந்ததும், இயந்திர அறையைச் சேர்ந்த பார்க்கரும் பிரெட்டும் தங்கள் ஊதியப் பங்கு மற்றவர்களுடையதைவிடக் குறைவாக இருப்பதைப் பற்றி முறைப்படத் தொடங்குகிறார்கள். கரைவலை இழுத்த பின் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியோடு பங்குக்காக வாய்த்தர்க்கப்படுவதை நம் கடற்கரையில் கேட்டிருப்பவர்களுக்கு, இவர்கள் தாது ஏற்றிச் செல்லும் விண்கலத்துக் கூலியாட்கள் என்பதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. பின்னர் அந்தப் பிராணி வரும்போது நாம் பயப்படுவது சம்பளக் கணக்கு முடியாத ஆட்களுக்காக. (இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடாதீர்கள், பெற்றோருக்குப் பதில் சொல்லி முடியாது.)

உங்கள் இரண்டாவது கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘இன்டர்ஸ்டெல்லர்’ (2014) படத்தில், பெரும் கருந்துளை ஒன்றின் அருகிலுள்ள நீர்க் கோளில் கழியும் ஒரு மணித்தியாலம் பூமியின் ஏழு ஆண்டுகளுக்குச் சமம். இறங்கியவர்கள் தாமதித்துத் திரும்பும்போது 23 ஆண்டுகள் போய்விட்டன. அவர்களில் ஒருவரான கூப்பர் தனியே அமர்ந்து, சேர்ந்து கிடக்கும் காணொளிச் செய்திகளைப் பார்க்கிறார்: மகன் படிப்பை முடிக்கிறான், மணமுடிக்கிறான், பிள்ளை பெறுகிறான், அந்தப் பிள்ளையைப் புதைக்கிறான், இறுதியில், தகப்பன் புறப்பட்ட வயதையே தானும் எட்டிவிட்ட மகள் திரையில் தோன்றுகிறாள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன தாய்மாரும் போர்க்காலத்தில் கடல் கடந்தவர்களும் நிறைந்த நம் மாவட்டத்தில் இந்தக் காட்சிக்கு உரை தேவையில்லை.

ஆனால் இதையே குடும்பப் படமாக எடுத்தால் குற்றஞ்சாட்ட ஆள் கிடைத்துவிடுவார்: ஏமாற்றிய முகவர், வறுமை, யுத்தம், பொறுப்பில்லாத தகப்பன். இங்கே குற்றவாளி, காலத்தையே மெதுவாக்கும் கருந்துளையின் ஈர்ப்பு விசை. கோபத்துக்கு இடமில்லாமற் போவதால், பிள்ளை வளர்வதைக் காணாத இழப்பு மட்டும் கலப்பில்லாமல் எஞ்சுகிறது. தண்ணீரில் தாமதித்த ஒவ்வொரு நிமிடமும் மகளின் ஆயுளிலிருந்து கழிகிறது என்பதால், பௌதிகவியலும் பாசமும் அந்தக் காட்சியில் ஒரே கணக்காகிவிடுகின்றன. விண்கலம் இதற்காகத்தான். அதைக் கழற்றினால் இந்தத் துயரமே வேறொன்றாக மாறிவிடும்.

தமிழில் வரும் விஞ்ஞானப் படங்கள் பலவற்றில் எனக்குள்ள மனக்குறையும் இதுவே. முதல் அரைமணி நேரம் அம்மா பாசம், ஒரு பாட்டு, பிறகு இயந்திரம். இரண்டுக்கும் ஒட்டுறவே இருப்பதில்லை. அம்மாவை நீக்கினாலும் இயந்திரம் ஓடும், இயந்திரத்தை நீக்கினாலும் அம்மா அழுவார். ஆர். ரவிகுமாரின் ‘இன்று நேற்று நாளை’ (2015) இதற்கு நல்ல விதிவிலக்கு. கால இயந்திரம் கையில் கிடைத்த இரண்டு பேரும் உலகைக் காக்கப் புறப்படாமல், பிறர் தொலைத்த பொருள் இருக்கும் இடத்தைச் சொல்லிச் சோதிடத்தின் பெயரால் காசு பார்க்கிறார்கள். நம்மிடம் கிடைத்தாலும் அதைத்தானே முதலில் செய்வோம்.

அடுத்த தவணைக்கு ‘பேக் டு த ஃபியூச்சர்’ (1985) படத்தைச் சொல்வேன். அதை எழுதியவர்களில் ஒருவரான பாப் கேல், தன் தகப்பனாரின் பழைய பாடசாலை ஆண்டுமலரைப் புரட்டியபோது, அந்தக் காலத்தில் தானும் அங்கே படித்திருந்தால் அப்பாவோடு சிநேகமாக இருந்திருப்பேனா என்று யோசித்ததிலிருந்து பிறந்த கதை அது. கால இயந்திரமின்றி இந்தக் கேள்விக்கு விடை காண வழியில்லை. கேள்வியோ உங்கள் வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் உரியது. இளவயதுத் தாய் தன் மகனென்று அறியாமலே அவன்மேல் ஆசைகொள்ளும் காட்சிகள் உண்டு என்பதால் முன்னதாக ஒருமுறை நீங்கள் பார்த்துவிடுவது நல்லது.

அந்தப் படத்தில் கால இயந்திரமாக வரும் காரைக் காலத்துக்குள் செலுத்த 1.21 கிகாவாட், அதாவது 1,210 மெகாவாட் மின்வலு தேவை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முழுக் கொள்ளளவே 900 மெகாவாட்தான். 1.21 கிகாவாட் என்று கேட்டதும் படத்தில் வரும் விஞ்ஞானி பிரவுண் பதறி வீட்டுக்குள் ஓடி, எடிசனின் படத்தைப் பிடித்துக்கொண்டு அதனிடம் புலம்புவார். பிள்ளைகள் சிரித்து முடிக்கட்டும், அதன் பிறகு கணக்கைக் கரும்பலகையில் எழுதுங்கள்.