ஐபி போட்டால் திறக்கிறது, பெயர் போட்டால் இல்லை: வீட்டு சர்வர் கேள்வி பதில் (கேட்பவர்களின் ஊர்ப் பெயருடன்)

செந்தூல்: அண்ணே, 192.168.1.10 என்று அடித்தால் சர்வர் எப்போதும் திறக்கிறது. பெயரை அடித்தால் சில நேரம்தான். ரவுட்டரில் முதல் டிஎன்எஸ் (பெயரைச் சொன்னால் ஐபி எண்ணைத் தரும் சேவை) பை-ஹோல், அதாவது வீட்டிலேயே ஓடும் டிஎன்எஸ் மென்பொருள்; இரண்டாவது கூகுளின் 8.8.8.8.

பதில்: கோளாறே அந்த இரண்டாவதில்தான். முதலாவது படுத்தால் மட்டும் எழுந்து வரும் மாற்று ஆள் இல்லை அது. போன், டிவி, லேப்டாப் எது யாரைக் கேட்கும் என்பது அதனதன் இஷ்டம். முதலாவது கொஞ்சம் தாமதித்தாலே சில கருவிகள் 8.8.8.8-க்குத் தாவிவிடும். உங்கள் வீட்டுப் பெயர் கூகுளுக்குத் தெரியாது. "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று சொல்லும். கருவி அதையே முடிவான பதிலாக எடுத்துக்கொள்ளும், பை-ஹோலைக் கேட்காது. இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலியாக விட்டால் சில ரவுட்டர்கள் தாமாகவே வேறொன்றை நிரப்பும்; அப்படியானால் பை-ஹோல் முகவரியையே மறுபடி போடுங்கள். பிறகு போனில் வைஃபையை அணைத்துப் போடுங்கள். "இல்லை" என்ற பதிலையும் கருவிகள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும்.

ஜெலுத்தோங்: இதை ஒத்துக்கொள்ள முடியாது. பை-ஹோல் ஓடும் ராஸ்பெர்ரி பை (சுருக்கமாகப் பை, ஒரு குட்டிக் கணினி) படுத்தால் வீடு முழுக்க இன்டர்நெட் போய்விடும். பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பில் இருந்தால்?

பதில்: பயம் நியாயம்தான், மருந்து தவறு. இரண்டாவதாக யாரை வைத்தாலும் வீட்டுப் பெயர்கள் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சும்மா கிடக்கும் பழைய பையிலோ, நாஸ் பெட்டியில் (வீட்டுக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) ஒரு டாக்கரிலோ (மென்பொருளைத் தனியாக ஓட்டும் வசதி) இன்னொரு பை-ஹோல் ஏற்றுங்கள். இரண்டும் ஒரே பதில் சொன்னால் எதைக் கேட்டாலும் கவலையில்லை.

ஜெலுத்தோங்: கரண்டு போனால் இரண்டும்தானே போகும்?

பதில்: ரவுட்டரும்தான் போகும். அப்போது 8.8.8.8 மட்டும் இருந்து என்ன பயன்? கரண்டு திரும்பி வரும்போதுதான் உண்மையான சிக்கல். அடுத்த கேள்வியே அதுதான்.

பாயான் லெப்பாஸ்: இடிமழையில் கரண்டு போய் வந்தால் பை எழுகிறது, ஆனால் எந்தப் பெயரும் கிடைப்பதில்லை. பை 4, அதில் பை-ஹோலுக்காக வெளிப் பெயர்களைத் தேடித் தரும் அன்பவுண்ட் ஓடுகிறது.

பதில்: முதலில் "டேட்" கட்டளை கொடுத்துப் பாருங்கள். பை 4-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. பழைய தேதியோடு எழும். அந்தத் தேதியில் டிஎன்எஸ்செக் கையொப்பங்கள் (டிஎன்எஸ் பதில் உண்மையானதா என்று காட்டுபவை) செல்லாது என்று அன்பவுண்ட் எல்லாவற்றையும் தள்ளிவிடும். நேரத்தைச் சரிசெய்ய என்டிபி சர்வரை (சரியான நேரம் சொல்லும் சர்வர்) தேட வேண்டும், அதன் பெயரைக் கண்டுபிடிக்க டிஎன்எஸ் வேண்டும். ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும். உறுதிசெய்ய, பெயரைக் கேட்டுப் பார்க்கும் "டிக்" (dig) கட்டளையோடு +சிடி (+cd, கையொப்பத்தைச் சோதிக்காதே என்று பொருள்) சேர்த்துக் கேளுங்கள். சேர்த்தால் பதில் வந்து, சேர்க்காவிட்டால் "சர்வ்ஃபெயில்" என்று வந்தால் பிழை கையொப்பச் சோதனையில்தான். தேதியும் தவறாக இருந்தால் காரணம் கடிகாரம். பையின் நேரத்தைச் சரிசெய்யும் டைம்சிங்க்டியின் கோப்பில் (timesyncd.conf) என்டிபி வரியில் பெயருக்குப் பதில் எண்ணைப் போடுங்கள்: 162.159.200.1, கிளவுட்ஃபிளேரின் நேர சர்வர். பை 5-இல் கடிகாரம் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

சேராஸ்: எனக்கும் பெயர் வந்து வந்து போகிறது. இரண்டாவது டிஎன்எஸ் 1.1.1.1.

பதில்: செந்தூல்காரருக்குச் சொன்னதேதான்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: உபுண்டுவில் பை-ஹோல் ஏற்றினால் போர்ட் 53 (டிஎன்எஸ் கேள்விகள் வரும் வாசல்) ஏற்கெனவே பயன்பாட்டில் என்கிறது.

பதில்: உபுண்டுவின் சொந்த டிஎன்எஸ் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்டு 127.0.0.53-இல் உட்கார்ந்திருக்கிறது. அதன் கான்ஃப் கோப்பில் "டிஎன்எஸ்ஸ்டப்லிசனர்" (DNSStubListener) வரியை "நோ" (no) ஆக்கி, சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சர்வர் யாரிடம் பெயர் கேட்க வேண்டும் என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பு இன்னும் 127.0.0.53-ஐக் காட்டினால் அதையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் சர்வரே பெயர் தெரியாமல் முழிக்கும்.

கெப்போங்: வீட்டுப் பெயர்களின் முடிவில் .லோக்கல் (.local) வைக்கலாமா?

பதில்: வேண்டாம், அது எம்டிஎன்எஸ்ஸுக்கு (டிஎன்எஸ் சர்வர் இல்லாமலே கருவிகள் ஒன்றையொன்று பெயரால் தேடும் முறை) ஒதுக்கியது. 2018-இல் வீடுகளுக்கென்றே ஒதுக்கிய .ஹோம்.ஆர்பா (.home.arpa) இருக்கிறது.

ஆயர் ஈத்தாம்: பெயரைச் சோதிக்கும் என்எஸ்லுக்கப் கட்டளை சரியாகச் சொல்கிறது, குரோம் மட்டும் திறக்க மறுக்கிறது.

பதில்: குரோம் செட்டிங்கில் பாதுகாப்பான டிஎன்எஸ்ஸை அணையுங்கள். அது பை-ஹோலைத் தாண்டி நேரே வெளியே கேட்கிறது.

வங்சா மாஜு: முதல் பை-ஹோல், இரண்டாவது 9.9.9.9...

பதில்: தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள். இரண்டாவது கட்டத்தில் வெளி ஆள் கூடாது.

ஜெலுத்தோங்: சரி, இரண்டாவது பை-ஹோல் ஏற்றிவிட்டேன். வீட்டுப் பெயர்ப் பட்டியலை மறுபடி கையால் அடிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதல் பெட்டியில் பை-ஹோலின் டெலிபோர்ட்டர் பக்கத்தில் ஏற்றுமதி செய்து, இரண்டாவதில் இறக்குங்கள். ரவுட்டரில் இரண்டு முகவரியும் போட்டதும் முதல் பெட்டியின் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் போனில் சர்வர் பெயரைத் திறந்து பாருங்கள்.