டர்போ போட்ட 86-ஐ எடுப்பதா, கம்பெனி வண்டியை எடுப்பதா?

கேள்வி: 2013 மாடல் டொயோட்டா 86 ஒன்று வாங்கத் தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது, 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இன்னொன்று 60,000 தான். அதில் டர்போ கிட் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளுவது), தாழ்த்திய சஸ்பென்ஷன், பெரிய சைலன்ஸர் எல்லாம் உண்டு, 300 குதிரைத்திறன் என்று, சக்தியை அளக்கும் டைனோ மெஷினின் சீட்டும் விற்பவர் காட்டுகிறார். விலை ஏறக்குறைய ஒன்றுதான். இத்தனை பாகமும் சும்மா கிடைக்கிற மாதிரி இருக்கிறதே, அதையே எடுத்துவிடலாமா?

பதில்: டர்போ கிட்டுக்கும் சஸ்பென்ஷனுக்கும் போட்ட காசு விற்கும்போது திரும்பி வருவதே இல்லை, அதனால் விலை ஒன்றாக இருப்பதை வைத்து அவரைச் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் சும்மா கிடைக்கிறது என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

கம்பெனி 86-இல் இருப்பது டர்போ இல்லாத 2 லிட்டர் பாக்ஸர் இன்ஜின். 200 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. 4,000 ஆர்பிஎம் பக்கத்தில் இழுவை லேசாகத் தொய்ந்து, அப்புறம்தான் மறுபடி எழும். இந்த வண்டியைப் பற்றி எல்லோரும் சொல்லும் குறை அதுதான். அந்தத் தொய்வைத் தாங்க முடியாமல்தான் பாதிப் பேர் டர்போ போடுகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்த இன்ஜினின் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நசுக்கப்படும் அளவு, 12.5:1. டர்போ இல்லை என்பதால்தான் அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள். 86-ஐ டொயோட்டாவோடு சேர்ந்து உருவாக்கிய சுபாரு, இதே இன்ஜின் குடும்பத்தில் தானே டர்போ போட்டுத் தன் WRX காரில் வைத்தபோது கம்ப்ரஷனை 10.6:1-க்கு இறக்கிவிட்டது. வெளியே கிட் வாங்கிப் போடுபவர்கள் பெரும்பாலும் பிஸ்டனைத் தொடுவதில்லை, 12.5-இன் மேலேயே காற்றை அழுத்தித் திணிக்கிறார்கள். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) குறைவாக, பெட்ரோல் நல்லதாக, டியூனிங் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பு) நிதானமாக இருந்தால் ஓடும், வருஷக்கணக்கில் ஓடுகிற வண்டிகளும் உண்டு. இதில் ஏதாவது ஒன்று சறுக்கினால் நாக்கிங், அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது, ஆரம்பித்துவிடும், பிஸ்டனும் கனெக்டிங் ராடும் அடி வாங்கும், நீங்கள் ஓட்டிப் பார்க்கும் பத்து நிமிஷத்தில் அது தெரியவே தெரியாது. டொயோட்டாவும் சுபாருவும் இந்தத் தொய்வை எப்படிச் சரி செய்தார்கள் தெரியுமா? அடுத்து வந்த GR86-இல் டர்போ வைக்கவில்லை, இன்ஜினையே 2.4 லிட்டராக்கினார்கள். டார்க் 250-க்கு ஏறியது, அதுவும் 3,700 ஆர்பிஎம்-லேயே முழுசாக வந்தது.

ஆக, கம்பெனி வண்டியில் நீங்கள் வாங்குவது பல வருஷம் சோதித்துப் பார்த்த ஒரு கணக்கை. மாற்றிய வண்டியில் வாங்குவது, மாற்றியவரின் கைப்பழக்கத்தை. கை நன்றாக இருந்தால் அதிர்ஷ்டம்தான்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். பல வருஷம் முன்னால் டர்போ ஏற்றிய வண்டி ஒன்றை, சத்தத்தில் மயங்கி வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்றாம் வாரம் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால், இன்டர்கூலர் (டர்போவின் காற்றைக் குளிர்விப்பது) குழாயை ஒரு பிளாஸ்டிக் டை போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் குழாய் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பக்கத்து வயரில் உரசி உரசி, ரப்பர் போய் உள்ளே செம்பு பளபளவென்று தெரிந்தது. இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது, ஐந்து பைசா பெறாத டைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியை, நீங்கள் போன பிறகுதான் முதல் தடவை ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஐந்தாவது கியரில், குறைந்த வேகத்தில் முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் போய்விட்டது, 205-க்குச் செய்த கிளட்ச் அதற்கு மேல் எவ்வளவுதான் தாங்கும்? சிலிண்டரில் அழுத்தம் நிற்கிறதா, கசிகிறதா என்று காட்டும் கம்ப்ரஷன் டெஸ்ட், லீக்-டவுன் டெஸ்ட் இரண்டையும் உங்கள் செலவில், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் செய்யுங்கள். டியூன் செய்தது யார், அந்த ஃபைல் இவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கழற்றிய பாகங்கள் எங்கே என்றும் கேளுங்கள். ஷாக், சைலன்ஸர், கேட்டலிடிக் கன்வர்ட்டர் எல்லாம் துணி சுற்றிப் பெட்டியில் இருந்தால் அவர் ஒழுங்கான ஆள். "எங்கேயோ போட்டேன்" என்றால் நீங்களும் எங்கேயோ பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸுக்கு இந்த மாற்றங்களை எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்பதும் முக்கியம், சொல்லாமல் விட்டிருந்தால் விபத்து நாளில் பணம் தர மறுக்கலாம்.

இதெல்லாம் தேறினால் டர்போ வண்டியை எடுங்கள். இதில் ஒன்றே ஒன்று தேறாவிட்டாலும் 90,000 ஓடிய கம்பெனி வண்டிதான் என் ஓட்டு.

கேள்வி: அந்த டைனோ சீட்டில் 300 என்று அச்சடித்தே இருக்கிறதே, அதை நம்பலாமா?

பதில்: 300 எங்கே அளந்தது என்று பாருங்கள். கம்பெனி சொல்கிற 200 இன்ஜினில் அளந்தது, டைனோ அளப்பது சக்கரத்தில். மாற்றாத 86-ஐ டைனோவில் ஏற்றினால் 170-க்குப் பக்கத்தில்தான் காட்டும். சில கடைகள் சக்கரத்தில் வந்ததைப் பெருக்கி இன்ஜின் கணக்காக்கிக் கொடுக்கும். அதே மெஷினில் மாற்றுவதற்கு முன் எடுத்த சீட்டு இருந்தால்தான் ஒப்பிட முடியும். உண்மையில் நான் முதலில் பார்ப்பது குதிரைத்திறனை இல்லை, கீழே ஓடுகிற காற்று-பெட்ரோல் விகிதக் கோட்டை, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பதை. பூஸ்டில் அது 11, 12-ஐ ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். பெட்ரோல் போதாமல் 13-ஐத் தாண்டி மேலே போகிறது என்றால் சீட்டை மடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்தக் கோடே இல்லாத சீட்டு என்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.

கேள்வி: கம்பெனி வண்டியையே வாங்கி நானே மெதுவாக மாற்றிக்கொண்டால்?

பதில்: தாராளமாக. டயரிலிருந்து ஆரம்பியுங்கள். 86-இல் கம்பெனி போட்டது மிச்செலின் பிரைமஸி, பிரியஸிலும் வந்த அதே வகை டயர். பின்பக்கம் சுலபமாக வழுக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். பிடிப்புள்ள டயர், நல்ல பிரேக் பேட், புது பிரேக் ஆயில், இந்த மூன்றோடு ஒரு வருஷம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் 4,000-இல் அந்தத் தொய்வு உங்களை உறுத்தினால் திரும்ப எழுதுங்கள், எக்ஸாஸ்ட் ஹெடரையும் (இன்ஜினிலிருந்து புகை வெளிவரும் முதல் குழாய்கள்) டியூனையும் பற்றிப் பேசலாம். கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் கவரில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.