கருப்பைக் கழுத்துச் சத்திரசிகிச்சையோடு வைரஸ் எதிர்ப்பு மருந்தும் வேண்டுமா?

கருப்பைக் கழுத்தில் சி.ஐ.என். 3 என்ற புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் கண்டறியப்பட்ட உங்கள் அக்காவுக்கு, யாழ்ப்பாணத்தில் செய்யவிருக்கும் லூப் சத்திரசிகிச்சையோடு, இந்த மாற்றத்துக்குக் காரணமான எச்.பி.வி. (மனித பாப்பிலோமா) வைரசை அழிக்கும் மாத்திரையும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை, அந்த வைரசை உடலிலிருந்து நீக்குவதாக உறுதிப்பட்ட மருந்து எதுவும் இன்று கிடையாது.

ஹெர்பீஸ் தொற்றுக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர், அந்த வைரசின் சொந்த நொதிகளைப் பற்றிக்கொண்டே வேலை செய்கிறது. எச்.பி.வி.யோ தன் மரபணுவைப் படியெடுக்கப் பெரும்பாலும் நமது கலங்களின் நொதிகளையே பயன்படுத்துவதால், அந்த மருந்துக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை. இன்டர்பெரோன், ஐனோசின் பிரானோபெக்ஸ் ஆகியவை ஆராயப்பட்டிருந்தாலும், வழக்கமான துணைச் சிகிச்சையாகக் கொடுக்கும் அளவுக்குச் சான்று வலுப்பெறவில்லை. ஆகவே பாமசியில் விலைகூடிய பெட்டிகளை வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

லூப் முறையில், விறைப்பு ஊசி போட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் மாறிய இழையத்தை வெட்டியெடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். தொற்றுள்ள பகுதியே நீங்குவதால், பெரும்பாலான பெண்களில் பின்னர் எச்.பி.வி. தென்படுவதில்லை. அறிக்கையில் வெட்டு விளிம்பு மாறிய கலங்கள் இல்லாமல் சுத்தமாக உள்ளதா என்பதை அவசியம் கேளுங்கள். இல்லையெனில் கண்காணிப்பு நெருக்கமாக இருக்க வேண்டும். ஆழமாக வெட்டுவது குறைப்பிரசவ வாய்ப்பைக் கூட்டக்கூடும் என்பதால், பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

எச்.ஐ.வி. உள்ளவர்கள் மட்டும் அதற்குரிய மருந்தைத் தொடர்ந்து எடுப்பது இன்றியமையாதது. எச்.பி.வி. உடலுறவால் பரவினாலும், பல ஆண்டுகள் மறைந்திருக்கக் கூடியது. ஆகவே இந்தத் தொற்றைக் கொண்டு கணவனையோ மனைவியையோ சந்தேகிப்பது பெரும் அநியாயம். சிகிச்சை முடிந்து 6 முதல் 12 மாதங்களுக்குள் மறுபரிசோதனை செய்து, பின்னரும் வைத்தியர் சொல்லும் தவணைகளைத் தவறவிடாதிருக்க அக்காவுக்குத் துணையாக நில்லுங்கள்.