கற்பிட்டிப் புழுவுக்குக் கிறீன்லாந்துப் பெயர் வேண்டாம்

ஹட்டனிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியை கேட்கிறார்: "உயர்தர மாணவர்களோடு கற்பிட்டிக்குப் போனபோது புத்தளம் களப்பின் கடற்புல் படுக்கையிலிருந்து சேறு எடுத்து, போர்மலினில் இட்டுக் கொண்டுவந்தோம். அரை மில்லிமீற்றர் சல்லடையில் நூல் போன்ற புழுக்கள் நிறையத் தங்கின. இணையப் படங்களோடு ஒப்பிட்டால் 'கபிற்றெல்லா கபிற்றாற்றா' என்ற கடற்புழு இனம் போலத் தெரிகிறது. அப்படியே பதியலாமா?"

வேண்டாம், ரீச்சர். அது 1780இல் கிறீன்லாந்துப் புழுவுக்கு வைத்த பெயர். பின்னர் உலகெங்கும் கண்ட ஒத்த புழுக்களுக்கெல்லாம் அதையே சூட்டிவிட்டார்கள். 1976இல் கடல் உயிரியலாளர்களான கிராஸில் தம்பதியர் ஆராய்ந்தபோது அந்த ஒரே பெயருக்குள் ஆறு இனங்கள் இருப்பது வெளிப்பட்டது. நம் களப்புப் புழுவுக்கு அதை எழுதினால், பிறகு உங்கள் பதிவை நம்பி வேலை செய்பவர் தடம் மாறிப்போவார்.

முதலில் போர்மலினைக் கழுவி, புழுக்களை 70 சதவீத எதனோலுக்கு மாற்றுங்கள். மழைக்கும் குளிருக்கும் யன்னல்களைச் சாத்திய வகுப்பறையில் இதைச் செய்யவே கூடாது. நெடி கண்ணையும் மூச்சையும் தாக்கும்.

அடுத்து, புழு எந்தக் குடும்பம் என்று பாருங்கள். உடல் வழுவழுப்பாக, வளையமே இல்லாமல் இருந்தால் அது நெமற்றோடா எனும் உருளைப்புழு, ஒதுக்கிவையுங்கள். தலையில் இரண்டு நீண்ட உணரிகள், அல்லது அவை உதிர்ந்த தழும்பு இருந்தால் ஸ்பையோனிடே. நான்கு கண்களும், தொண்டையை வெளித்தள்ளினால் இரண்டு தாடைகளும் தெரிந்தால் நெரெயிடிடே. தலையில் எதுவுமின்றி மண்புழு போலவே இருந்தால் மட்டும், கபிற்றெல்லா அடங்கும் கபிற்றெலிடே என்று ஐயுறுங்கள்.

அப்படிப்பட்ட ஒன்றைக் கிளிசரின் துளியில் வைத்து, மூடித்துண்டு போட்டு, 400 மடங்கில் பாருங்கள். முன்னுடல் வளையங்களில் மயிர் போன்ற சிலிர்முட்கள் (மயிர்முட்கள்) இருக்கும்; பின்னே போகப் போக, முக்காடு போட்டது போல் மெல்லிய உறை மூடிய கொக்கிகள் வரும். மயிர்முட்கள் மட்டுமே உள்ள வளையங்களை எண்ணுங்கள். இந்தக் குடும்பத்துச் சாதிகளுள் (இனங்களை உள்ளடக்கும் பிரிவுகளுள்) மீடியோமாஸ்ரஸில் 4, ஹெற்றரோமாஸ்ரஸில் 5, நொற்றோமாஸ்ரஸில் 11. கபிற்றெல்லாவில் பெரும்பாலும் 7. குஞ்சுப் புழுக்களை நம்பாதீர்கள். வளரும்போது கொக்கி இருந்த இடத்தில் மயிர்முள் வரும். தலைப்பகுதி இல்லாத துண்டுகளுக்குப் பெயரே வேண்டாம்.

சாதி வரை உறுதியானால் அங்கேயே நிறுத்தி, 'இனம் தீர்மானிக்கப்படவில்லை' என்று எழுதுங்கள். அது அரைகுறை வேலையன்று, நேர்மையான பதிவு. அதற்கு மேல் போக விரும்பினால், விலங்கியலாளர் ஹெர்ட்மன் 1902இல் இலங்கையில் சேகரித்த பொலிக்கீற்றாப் புழுக்களை (சிலிர்முள் கொண்ட கடற்புழுக்களை)ப் பற்றி விலங்கியலாளர் ஆதர் வில்லி 1905இல் வெளியிட்ட விவரணைகளோடு ஒப்பிடுங்கள்.

அடுத்த பயணத்தில் சில புழுக்களைப் போர்மலினில் இடாமல், கரையிலேயே 95 சதவீத எதனோலில் போடுங்கள். போர்மலின் மரபணுவைச் சிதைத்துவிடும். உயிரோடு இருக்கும்போது குழாய்நீரில் அலசவும் வேண்டாம். நன்னீர் பட்டால் உடல் ஊதி உருக்குலைந்துவிடும். அலசுவதற்கு ஒரு கேன் கடல்நீரைக் கூடவே மலைக்குக் கொண்டுவாருங்கள்.